வைக்கோல் எதற்கென்று உனக்குத் தெரியும்

உன் கையெழுத்து போகவில்லை. ஈரத்துணியால் தேய்த்தேன், சோப்புத் தண்ணீரால் தேய்த்தேன். வெள்ளைப் பலகையின் இடது மூலையில் "கிளாஸ் வயல்" என்று நீ எழுதியது அப்படியே நிற்கிறது. போர்டு மார்க்கர் என்று நினைத்து, கீழே உரக்கடையில் சாக்குமேல் பெயர் எழுத வைத்திருக்கும் அழியாத மார்க்கரை எடுத்து எழுதிவிட்டாய். எழுதி முடித்த பிறகுதான் கவனித்தாய். "அழியலேன்னா நல்லதுதான்டா, பாடம் மறக்காது" என்று சிரித்தாய். எல்லாவற்றுக்கும் உன்னிடம் ஒரு சிரிப்பு இருந்தது.

நாளை புது பேட்ச் தொடங்குகிறது. பலகையைத் துடைத்து வைக்கத்தான் இன்று மாலை மாடி ஏறினேன். கீழே இருந்து வேப்பம் புண்ணாக்கு வாசனை வந்தது. அந்த வாசனைக்குப் பின்னாலேயே படியில் உன் செருப்புச் சத்தம் வர வேண்டும். வராது என்று தெரிந்தும் காது படியிலேயே நிற்கிறது. நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். நேராகவே சொல்லிவிடுகிறேன். உன்னை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. செத்துப்போனவன்மேல் கோபப்படுவது பெரிய இம்சை. கத்தலாம், பதில் வராது. பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம் என்றால், பார்க்க நீ இல்லை.

தஞ்சாவூரில் படிக்கும்போது ஒரே பெஞ்ச். அப்புறம் சென்னையில் ஒரே அறை. எனக்கு மேலாளரைப் பிடிக்கவில்லை, உனக்கு மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை. இரண்டு பேரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். உன் வீடு குடவாசல், என்னுடையது மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை கிராமம். நடுவில் மன்னார்குடி என்று முடிவு செய்து இந்த மாடியை வாடகைக்குப் பிடித்தோம். பகலில் வெளியூர்க் கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதுவது, மாலையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழில் புரோகிராமிங் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு.

முதல் பேட்ச்சில் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாளே, நினைவிருக்கிறதா?

"சார், கிளாஸ்னா என்ன, ஆப்ஜெக்ட்னா என்ன? காலேஜ்ல வீட்டுக்குப் போடுற ப்ளூபிரிண்ட் மாதிரின்னு சொன்னாங்க. எங்க வீடு கொத்தனார் மனசுல இருந்து கட்டுனது சார். ப்ளூபிரிண்ட நாங்க கண்ணாலயே பாத்ததில்ல."

அறையே சிரித்தது. நான் கையிலிருந்த தாளைப் பார்த்து வரையறையைப் படிக்கத் தொடங்கினேன். நீ என் தோளைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாய்.

"வயல்னு ஒரு சொல்லு இருக்குல்ல. அந்தச் சொல்லுல நாத்து நட முடியுமா?"

"சொல்லுல எப்படி சார் நடுறது? வயல்லதான் நடணும்."

"எந்த வயல்ல?"

"எங்க வயல்ல."

"அவ்வளவுதான். முடிஞ்சுது பாடம். வயல்ங்கிற சொல்லு கிளாஸ். ஒரு வயல்னா அதுக்கு என்னென்ன இருக்கும், அது என்னென்ன செய்யும்னு அது சொல்லும். பரப்புன்னு ஒண்ணு இருக்கும், நெல்லு ரகம்னு ஒண்ணு இருக்கும், நிக்கிற தண்ணியோட அளவு இருக்கும். தண்ணி வாங்கும், தண்ணி வடிக்கும். ஆனா அந்தச் சொல்லுல காலு வைக்க முடியாது. உங்க வயல் இருக்கு பாருங்க, அது ஆப்ஜெக்ட். பரப்பு மூணு மா, ரகம் பொன்னி, தண்ணி கணுக்கால் வரைக்கும். பக்கத்துல இருக்கிற இவங்க வயல் இன்னொரு ஆப்ஜெக்ட். சொல்லு ஒண்ணுதான். ஆனா இவங்க வயல்ல தண்ணி வத்துனா உங்க வயல்ல வத்தாது."

பின்வரிசையில் ஒருத்தன் முனகினான். "கடைமடையில எல்லா வயலும் ஒண்ணாத்தான் சார் வத்தும்."

"அது பாடத்துல இல்லடா. மேட்டூர்ல இருக்கு."

அந்தச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. எனக்கு எரிச்சல். ஆனால் அன்று வீட்டுக்குப் போய் அவர்கள் எழுதி அனுப்பிய புரோகிராமைத் திறந்து பார்த்தேன். எல்லோரும் சரியாக எழுதியிருந்தார்கள். என் வரையறையை வைத்து எவனும் எழுதியிருக்க மாட்டான். அதையும் ஒப்புக்கொள்கிறேன். உன் திறமையில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. நான் சந்தேகப்படாமல் விட்டது வேறொன்றை.

எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது என்று பெரிய குளத்துக் கரை டீக்கடையில் சண்டை போட்டோம். எனக்கு ஜாவா.

"ப்ரைவேட்னு போட்டுட்டா வெளியில இருந்து எவனும் தொட முடியாதுடா. தொட்டா கம்பைலர் அங்கயே நிறுத்தும்."

"பைத்தான்தான்" என்றாய் நீ. "பேருக்கு முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர் போட்டா, இது என் சொந்த விஷயம், வெளியில இருந்து தொடாதீங்கன்னு அர்த்தம். அது போதும்."

"தொட்டா யாரு தடுப்பா?"

"யாரும் தடுக்க மாட்டாங்க."

"ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்டா?"

"பேரு கொஞ்சம் மாறும். பூட்டு வராது."

"அப்புறம் என்னடா பாதுகாப்பு அது?"

டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு நீ சொன்னாய். "உங்க ஊரு மடைக்குப் பூட்டு இருக்கா? வாய்க்கால்ல இருந்து ஒவ்வொரு வயலுக்கும் ஒரு வாய், மண்ணு வச்சு அடைச்சிருக்கும். மம்பட்டி இருந்தா யாரும் தொறக்கலாம். ஆனா அடுத்தவன் முறையில எவனாவது தொடுறானா? மனுஷனுக்கு மனுஷன் வைக்கிற நம்பிக்கைதான்டா. பாடத்தையும் அப்படியே சொல்லிக்கொடுப்போம்."

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். நீ கவனித்துவிட்டாய். அதில் நீ கெட்டிக்காரன். "என்னடா, மூஞ்சி மாறுது?" என்றாய். அப்போது சொல்லவில்லை. தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வடுவூர் தாண்டியபோது சொன்னேன்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷம். எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் விட்டார்கள். இன்று ஒரு பகுதிக்கு, நாளை அடுத்த பகுதிக்கு. ஒருத்தர் முறை நடக்கும்போது மற்றவர்கள் மடையெல்லாம் அடைத்திருக்க வேண்டும். எங்கள் சம்பா பால் பிடிக்கும் பருவம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. எங்கள் முறை வருவதற்குள் பயிர் போய்விடும் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வயல்காரர் முறையில், விடியற்காலையில் போய் எங்கள் மடையை வெட்டினார். வெட்டிய வாயில் பாதியை வைக்கோல் கட்டு வைத்து அடைத்தார். முழுசாகத் திறந்தால் பக்கத்து வயலுக்குத் தண்ணீரே போகாது. பாதியாவது அவருக்கும் போகட்டும் என்றுதான் அந்த வைக்கோல்.

பிடித்துவிட்டார்கள். கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். வைக்கோல் எதற்கு என்று அப்பா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் பார்க்க அவர் கையாலேயே மடையை அடைக்கச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடப் பையோடு வரப்பில் நின்றேன். அடுத்து வந்த எங்கள் முறையையும் தராமல் நிறுத்திவிட்டார்கள். பயிர் பதராகப் போனது. அப்பாவுக்கு வைக்கோல் என்று பெயர் வந்தது. அதற்குப் பிறகு அவர் வாய்க்கால் கரை வழியாக வயலுக்குப் போவதை விட்டுவிட்டார். இன்றைக்கும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார். வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. என் வாழ்க்கையில் இதை நான் சொன்ன ஒரே ஆள் நீதான்.

"வைக்கோல் மறைக்கிறதுக்கு இல்லடா, பாதிய விடுறதுக்கு" என்று இரண்டாவது தடவையும் சொன்னேன். எனக்கு அது முக்கியம் என்பதால்தான் இரண்டு தடவை சொன்னேன். பஸ் இரைச்சலில் நீ என் பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய்.

"இதுக்கு முன்னாடி அண்டர்ஸ்கோர் இருக்குடா" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. அன்று மட்டும் சிரிக்கவில்லை. "தொட மாட்டேன்" என்றாய்.

பைத்தானிலேயே நடத்தினோம். ஒரு வயல் இன்னொரு வயலின் தண்ணீர் அளவில் நேராகக் கையை விட்டு மாற்றக்கூடாது, அந்த வயலின் மடை வழியாகத்தான் கேட்க வேண்டும் என்கிற பாடத்தை நீ மூன்று பேட்ச்சுக்கு நடத்தினாய். நான் பின்னால் நின்று கேட்பேன். முதல் தடவை, எங்கள் ஊர்க் கதை வந்துவிடுமோ என்று உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் பேச்சு எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை. பொதுவாக மடை, பொதுவாக முறை, அவ்வளவுதான். இவன் நம்ம ஆள் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காகத்தான் இப்போது என்மேலேயே எனக்குக் கடுப்பு.

அப்புறம் நீ வீடியோ போடத் தொடங்கினாய். சேனலை இரண்டு பேரும் சேர்ந்துதான் திறந்தோம், பாஸ்வேர்ட் எனக்கும் தெரியும். ஆனால் நான் வீடியோ பார்க்கிறவன் இல்லை. பத்து வரியில் படித்து முடிக்க வேண்டியதை ஒருத்தன் கையை ஆட்டிச் சொல்ல, நான் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? பொறுமை கிடையாது எனக்கு. அந்த வாரம் நீ கேட்டாய். "அண்டர்ஸ்கோர் பாடம் போட்டிருக்கேன்டா, பாத்தியா?" டைம் இல்லை என்றேன். மறுநாளும் கேட்டாய். "பாக்கலையா?" அதற்கு மறுநாள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாய், ஏதோ சொல்ல வந்தாய், "சரி, நீ எப்பவாச்சும் பாரு" என்று இறங்கிப் போய்விட்டாய். பார்த்துவிட்டு நான் சிரிப்பேன் என்று நினைத்தாயா? இல்லை, அடிக்கட்டும் என்று நினைத்தாயா? இதைத்தான் தினமும் உன்னிடம் கேட்கிறேன். ஏனென்றால் அந்த வாரக் கடைசியில் திருவாரூர் ரோட்டில் ஒரு நெல் லாரி.

அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து, அறுவடையும் முடிந்து, நானும் அப்பாவும் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அங்கேதான், அவரவர் நெல்லுக்குக் காவல். நான் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது உன் குரல் கேட்டது.

நிஜமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தார்ப்பாயைப் போட்டுவிட்டுக் குரல் வந்த பக்கம் ஓடினேன். நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். திரையில் நீ, இதே பலகை, உன் நீலச் சட்டை. நம் காலேஜ் பசங்க உன் நினைவாக வீடியோக்களை எல்லாக் குரூப்பிலும் அனுப்பியிருக்கிறார்கள். அது எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. நான் குனிந்து பார்த்தேன். நீ சொல்லிக்கொண்டிருந்தாய்.

"எங்களுக்குத் தெரிஞ்ச கடைமடை ஊர்ல ஒருத்தரு. அடுத்தவங்க முறையில விடியக்காலம் மம்பட்டியோட போயி தன் மடைய முழுசாத் தொறந்து விட்டுட்டாரு. சரி, தொறந்ததுதான் தொறந்தாரு, வெளிய தெரியக்கூடாதாம். என்ன பண்ணாரு தெரியுமா? அதுமேல வைக்கோல வச்சு மூடிட்டாரு! தண்ணிய மறைக்க வைக்கோலு! இதுதாங்க அடுத்தவங்க அண்டர்ஸ்கோர்ல கைய வைக்கிறது. கைய வச்சா கண்டிப்பா மாட்டுவீங்க."

வீடியோவுக்குள் பிள்ளைகள் சிரித்தார்கள். நீ அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாய். போனைச் சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"வைக்கோலண்ணே" என்று ஒருத்தர் எங்கள் குவியல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "இங்க வாங்க, உங்களப் பத்தித்தான் பாடம் நடத்துறாப்ல. ஒலகம் பூரா தண்ணி பாயுது உங்களுக்கு!"

அப்பா நிமிரவில்லை. நான் போட்டுவிட்டு வந்த தார்ப்பாயின் மூலையை இழுத்து நெல்லை மூடினார். நாலு பக்கமும் கல் வைத்தார். என்னிடம் "பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். கொள்முதல் நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நேர் வழி வாய்க்கால் கரைதான். அவர் மெயின் ரோட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டு போனார்.

நெல் குவியல்மேல் உட்கார்ந்து அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தேன். நீ நல்லாத்தான் நடத்தியிருந்தாய், அதுதான் கொடுமை. ஊர் பெயர் சொல்லவில்லை, ஆள் பெயர் சொல்லவில்லை. அது போதும் என்று நினைத்திருப்பாய். வைக்கோல் வைத்து மடை வெட்டியவர் இந்த டெல்டாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மறந்துபோய்ச் சொன்னாய் என்றும் என்னால் நினைக்க முடியவில்லை. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. விடியற்காலை சரி, மண்வெட்டி சரி, முறை சரி. வைக்கோல் மட்டும் தப்பு. பாதியை அடுத்தவனுக்கு விட்டார் என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். மூடி மறைத்தார் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு சிரிப்புக்காக மாற்றினாய். எங்கள் அப்பாவை ஊர் ஒரு தடவை திருடன் என்றது. அவர்களுக்குத் தெரியாது, சொன்னார்கள். உனக்குத் தெரியும்.

வீடியோவை அன்றைக்கே சேனலில் இருந்து தூக்கியிருப்பேன். பாஸ்வேர்ட் கையில் இருந்தது. உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூக்குவோம் என்றுதான் குடவாசலுக்கு வண்டியை எடுத்தேன்.

உன் அம்மா சோறு போடாமல் விடமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். சாப்பிடும்போது உன் தங்கச்சி போனைத் தூணில் சாய்த்து வைத்தாள். வேறெந்த வீடியோவும் வைக்கவில்லை, அதையே வைத்தாள். உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ சிரிக்கிற இடம் வந்ததும் கை நின்றது. அவர்களும் சிரித்தார்கள். மறுபடி கீரை.

"மத்ததுல எல்லாம் வாத்தியார் மாதிரி பேசுறான் தம்பி" என்றார்கள். "இதுல மட்டுந்தான் வீட்ல சிரிக்கிற மாதிரியே சிரிக்கிறான்."

"தினமும் இதான்ணா" என்றாள் தங்கச்சி. "கீழ யாராச்சும் கமெண்ட் போட்டிருந்தா அதையும் படிச்சுக் காட்டணும். நேத்து ஒருத்தர் போட்டிருக்காரு, அண்ணா உங்களாலதான் எனக்கு கிளாஸ் புரிஞ்சுது, பரீட்சைல பாஸாயிட்டேன்னு. அவருக்குத் தெரியல."

"அவன் இன்னும் வேலை பாத்துக்கிட்டுத்தான் இருக்கான் தம்பி" என்றார்கள் உன் அம்மா.

வீடியோவை டவுன்லோட் செய்து அவர்கள் போனில் போட்டுக்கொடுத்துவிட்டுத் தூக்கிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வந்திருந்தேன். சிரிப்பு வந்துவிடும். ஆனால் கமெண்ட்டை எப்படிக் காப்பி எடுப்பது? நாளைக்கு வரப்போகிற கமெண்ட்டை? தூக்கினால் நீ வேலை பார்ப்பதை நிறுத்திவிடுவாய்.

உன் அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்கள். "அதுல யாரையோ சொல்றானே, மடை வெட்டுனவரு. அது நெசமா நடந்ததா?"

"நடந்ததும்மா."

"அவரு பயிரு பொழச்சுதா?"

இந்தக் கேள்வியை அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. கோயில் வாசலில் கேட்கவில்லை. கொள்முதல் நிலையத்தில் கேட்கவில்லை. பஸ்ஸில் நீயும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"இல்லம்மா. பதராப் போச்சு."

"பாவம், என்ன பாடு பட்டிருப்பாரு" என்றார்கள். அவர் யாரென்று நான் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டேன். தூக்கப் போன வேலையைச் செய்யாமல் திரும்பி வருவது எனக்குப் பழக்கம் கிடையாது. வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். உன் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாயே என்று.

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போய் நின்றேன். எங்கள் வீட்டில் முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தேன்.

"அந்த வீடியோவத் தூக்கிடட்டுமாப்பா? என்னால முடியும்."

அவர் வாளியை வைத்தார். "அவன் உன் கூட்டாளிதானே? நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பையன்."

"ஆமா."

"நீதான் சொன்னியா அவன்கிட்ட?"

"ஆமாப்பா. நம்பித்தான் சொன்னேன்."

மாட்டைத் தடவிக்கொடுத்தார். "அவங்க அம்மா எப்படி இருக்கு?"

சொன்னேன். தூணில் சாய்த்த போன், கீரை, கமெண்ட், எல்லாம் சொன்னேன். பயிர் பிழைத்ததா என்று கேட்டதையும் சொன்னேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தம்மா கேட்டுதா?"

"கேட்டாங்க."

"தூக்க வேணாம்" என்றார். "வைக்கோலத் தப்பாச் சொல்லிட்டான். மூடுறதுக்கு வச்சேன்ங்கிறான். அத மட்டும் சரி பண்ண முடியுமா உன்னால?"

"கீழ எழுதி, எல்லாருக்கும் மேல தெரியற மாதிரி வைக்கலாம். பேரு போடட்டுமாப்பா?"

"பேரு எதுக்கு? ஆளு யாருன்னு ஊருக்குத் தெரியும். வைக்கோல் எதுக்குன்னுதான் தெரியாது."

எழுதினேன். அதற்கு எனக்கு ஒரு மதியம் ஆனது. நான் எழுதும் புரோகிராமுக்குக்கூட இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "இந்தப் பாடத்தில் ஒரு பிழை இருக்கிறது. அந்த விவசாயி வைக்கோலை மறைப்பதற்காக வைக்கவில்லை. மடையில் பாதியை அடைத்து, மீதித் தண்ணீர் முறைக்காரருக்கும் போகட்டும் என்று வைத்தார். அவர் பயிர் பிழைக்கவில்லை. நான் அவர் மகன். பாடம் நடத்தியவனுக்கு இது தெரியும்."

கடைசி வரியை அழித்தேன். பிறகு மறுபடி எழுதினேன். அது அங்கேயே இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து உன் அம்மா போன் செய்தார்கள். தங்கச்சி படித்துக் காட்டியிருக்கிறாள்.

"தம்பி, அவன் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டானா?"

"இல்லம்மா."

"கேட்டிருக்கணும்" என்றார்கள். உனக்காகப் பரிந்து பேசவில்லை. நீ நல்லவன் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம்தான் என்னால் இதை உனக்கு எழுத முடிந்தது.

ஊரில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. வைக்கோலண்ணே என்று கூப்பிடுகிறவர்கள் கூப்பிடுகிறார்கள். முன்பு சிரித்துக்கொண்டு கூப்பிட்டார்கள், இப்போது சில பேர் சிரிக்காமல் கூப்பிடுகிறார்கள். அப்பா இன்னும் சுற்றிக்கொண்டுதான் வயலுக்குப் போகிறார். அதை நீயோ நானோ சரி பண்ண முடியாது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கேட்காத மன்னிப்பைக் கொடுக்க எனக்குத் தெரியாது.

இந்தப் பலகை விஷயத்துக்கு வருகிறேன். அழியாத மார்க்கரை அழிப்பது எப்படி என்று போனில் தேடினேன். வழி இருக்கிறது. அதே எழுத்தின்மேல், கோட்டின்மேல் கோடாக, சாதாரண போர்டு மார்க்கரால் எழுத வேண்டும். காய்வதற்குள் துடைத்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். அதாவது உன்னை அழிக்க வேண்டுமென்றால் முதலில் நீ எழுதியதை நான் எழுத வேண்டும். இது தெரிந்ததும் பலகையை ஒரு உதை விடலாம் போலிருந்தது.

எழுதினேன். நீ "கி"க்கு மேல்விலங்கை எவ்வளவு வளைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் பார்த்தேன். "ல்" முடிகிற இடத்தில் வாலை இழுத்து வலப்பக்கம் விட்டிருக்கிறாய். எல்லாவற்றின்மேலும் நிதானமாகப் போனேன், எனக்கு வராத நிதானம். துடைத்தேன். போய்விட்டது.

சுத்தமான பலகையில், நாளைய வகுப்புக்காக, "கிளாஸ் வயல்" என்று எழுதினேன். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், "ல்" வால் வலப்பக்கம் ஓடியிருக்கிறது. என் கையெழுத்து அப்படி இருக்காது.

விட்டுவிட்டேன். நாளை அண்டர்ஸ்கோர் வரைக்கும் போவேன். எந்த பேட்ச்சிலும் ஒருத்தர் கேட்பார், நாளையும் கேட்பார்: யாராவது தொட்டா சார்? யாரும் தடுக்க மாட்டாங்க என்று நீ சொன்னதையேதான் நானும் சொல்வேன். அதற்குப் பின்னால் நீ ஒரு சிரிப்புச் சிரிப்பாயே, அந்த இடத்தில் நான் வைக்கோல் எதற்கு என்று சொல்வேன்.